ரசத்துக்கு அடியில் ஒரு மூஞ்சூறு: குறும்புப் பீங்கான் தட்டுகள், சேலத்துச் சாப்பாட்டுக்கு எப்படி?

தூரத்திலிருந்து பார்த்தால் ஷோகேஸில் பல வருடமாகத் தூங்கும் அதே நீலப் பூத்தட்டுதான். கையில் எடுத்தால்தான் வம்பு தெரிகிறது. பாலத்தைக் கடக்க வேண்டிய மூன்று சீனர்களும் டவுன் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். விளிம்பைச் சுற்றி வரும் புள்ளிக்கோலத்தை எறும்புகள் ஒவ்வொரு புள்ளியாகத் தூக்கிக்கொண்டு போகின்றன, அரிசிமாவுக் கோலமாயிற்றே. இன்னொரு தட்டில் நடுத் தாமரைக்குள் கொழுக்கட்டையோடு ஒரு மூஞ்சூறு உட்கார்ந்திருக்கிறது.

சேலம் ஃபேர்லாண்ட்ஸ் பக்கத்து அன்பளிப்புக் கடை ஒன்றில் விற்கும் செட் இது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை. இதே மாதிரி சரக்கு வேறு இடங்களிலும் வேறு படங்களோடு கிடைக்கும், சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். செட்டில் 27 செ.மீ. சாப்பாட்டுத் தட்டு ஆறு, 19 செ.மீ. சிற்றுண்டித் தட்டு ஆறு, கிண்ணம் நான்கு, டபரா செட் இரண்டு. உதிரியாகவும் தருகிறார்கள்: பெரிய தட்டு 850 ரூபாய், சின்னது 480, கிண்ணம் 420, டபரா செட் 690.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சின்னத் தட்டை யோசிக்காமல் வாங்கலாம். பெரிய தட்டு இட்லி, தோசை, சப்பாத்திக்கு மட்டும். டபரா செட் பார்க்க அழகு, குடிக்கத் தொல்லை. அரக்குக் கரையும் தங்கக் கோடும் போட்ட தட்டில் சாப்பாடே போட வேண்டாம், சுவரில் மாட்டுங்கள்.

இந்தக் கேலிக்கு ஒரு பின்கதை உண்டு. அந்த நீலத் தட்டின் படத்துக்கு வில்லோ என்று பெயர். கிளை தொங்கும் வில்லோ மரம், பாலம், படகு, கோபுரம், வானத்தில் இரண்டு பறவைகள். சீனத் தட்டு என்று எல்லோரும் நினைத்தாலும், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் சீன இறக்குமதியைப் பார்த்து வரைந்து அச்சிட்டது. காதலர்கள் ஓடிப்போய்ப் பறவைகளான கதையும் பிற்பாடு அங்கேயே கட்டியது. ஆக, மூலமே ஒரு போலி. அதனால்தான் அதைக் கேலி செய்வது இவ்வளவு பொருந்துகிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டான் மோயர் ‘கலாமிட்டிவேர்’ என்ற பெயரில் அதே வில்லோவுக்குள் பறக்கும் குரங்கு, ராட்சத ரோபோ, கடல் பூதம் என்று புகுத்திப் பிரபலமானார். நம்மூர் டவுன் பஸ் அந்த வழியில் வந்ததுதான்.

செட்டில் நமக்கு மிகவும் பிடித்த கேலி சின்ன வெங்காயத் தட்டு. ஜெர்மனியின் மைசன் ஆலை 1740 வாக்கில் சீன மாதிரியைப் பார்த்து மாதுளையும் பீச் பழமும் வரைந்தது. பழக்கமில்லாத பழம் என்பதால் பார்த்தவர்கள் வெங்காயம் என்று நினைத்துவிட்டார்கள். இன்றுவரை ‘நீல வெங்காயம்’ என்றே பெயர். இந்த செட்டில் அந்தப் பழங்களை எடுத்துவிட்டு நிஜமாகவே சின்ன வெங்காயத்தை வாலோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். விஷயம் தெரியாதவருக்கும் அழகாக இருக்கும், தெரிந்தவருக்கு இரட்டை லாபம். கேலி என்றால் இப்படி இருக்க வேண்டும். மாறாக ஏற்காடு தட்டு: கொண்டை ஊசி வளைவில் பிஸ்கட் பாக்கெட் பறிக்கும் குரங்கு. ஒருமுறை சிரிக்கலாம், இரண்டாம் முறை அது சுற்றுலாக் கடைச் சாவிக்கொத்துப் படம்.

சாப்பாட்டுத் தட்டில் கேலி எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. மேல்நாட்டில் நடுவில் கொஞ்சம் உணவு, சுற்றிலும் வெற்றிடம். விளிம்புப் படம் கடைசிவரை தெரியும். நம் சாப்பாட்டில் நடுவில் சோறு குவியும், விளிம்பை ஒட்டிப் பொரியலும் கூட்டும் உட்காரும். டவுன் பஸ் முதல் கரண்டி சோற்றிலேயே புதைந்துவிடும். எறும்பு வரிசை அப்பளத்துக்கு அடியில் போய்விடும். மூஞ்சூறு மட்டும் கணக்காக வைத்த இடத்தில் இருக்கிறது: மோர்ச்சோற்றின் கடைசி வாயை வழித்தெடுக்கும்போதுதான் விரலுக்கு அடியில் தலை நீட்டும். ‘சாப்பாட்டில் எலியா’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் வெங்காயத் தட்டை எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது வடிவம். பெரிய தட்டின் உள்குழி 18 செ.மீ. அகலம், ஆழம் 1 செ.மீ.தான். அதாவது சுமார் 250 மி.லி. தண்ணீர் ஊற்றினாலே விளிம்பு மேட்டைத் தொட்டுவிடும். அதில் சோறும் இருந்தால் ரசத்துக்கு இடமேது? ரசம் விளிம்புக்கு ஏறி, தட்டைத் தூக்கும்போது முழங்கை வழியாக இறங்கும். எவர்சில்வர் தட்டின் நெட்டுக்குத்தான சுவர் எதற்கு இருக்கிறது என்று அப்போது புரியும். ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ என்று உருக்காலையின் பெயரையே பாத்திரக்கடையில் கேட்டு வாங்கும் ஊரில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இதே கடையில் விளிம்பு இல்லாமல் கிண்ணம் போல் குழிந்து, 3.5 செ.மீ. ஆழத்தில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கிறது. அந்த வடிவத்தில் மூஞ்சூறை அச்சிட்டால் சண்டையே இல்லை. எடையும் கவனிக்க வேண்டியது: பெரிய தட்டு 620 கிராம். சோறு, குழம்போடு ஒரு கிலோவைத் தாண்டும். பந்தியில் ஒரு கையால் நீட்டிப் பரிமாற முடியாது.

சின்னத் தட்டில் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. தட்டுவடை செட்டுக்கு (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்தது) அளவெடுத்த மாதிரி இருக்கிறது: உள்குழியில் நான்கு செட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடங்குகிறது. சட்னி சிந்தினாலும் குழியைத் தாண்டாது. பீட்ரூட் துருவல் சிவப்பு வெள்ளைப் பீங்கானில் எடுப்பாகத் தெரியும், கழுவினால் சுவடில்லாமல் போகும். போகவில்லை என்றால் அது பீட்ரூட்டின் குற்றம் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இனி முக்கியமான விஷயம், படம் எப்படிச் சுடப்பட்டது என்பது. இந்த மாதிரிப் பட்டறைகள் பெரும்பாலும் தட்டைத் தாங்களே வார்ப்பதில்லை. கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் மேல்பூச்சு, போட்டுச் சுட்ட வெள்ளைத் தட்டை மொத்தமாக வாங்கி, மேலே டெக்கால் ஒட்டி மறுபடி சுடுவார்கள். டெக்கால் என்பது பீங்கான் சாயத்தில் அச்சிட்ட மெல்லிய படலம். தாளோடு அரை நிமிடம், ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் வழுக்கிக் கழன்று வரும். தட்டில் சரித்து வைத்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தள்ளி அடியிலிருக்கும் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஒரு சொட்டு மாட்டிக்கொண்டாலும் சூளையில் அது கொப்பளித்து வெடித்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பஸ் தட்டின் பின்சக்கரத்தைப் பாருங்கள். ஆறில் இரண்டு தட்டில் அந்த ஊசிமுனைப் புள்ளி இருக்கிறது. விளிம்பு வளைவில் படலம் சுருங்காமல் உட்கார இன்னும் பொறுமை வேண்டும். எறும்புக் கோலத்தில் பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தில் 2 மி.மீ. இடைவெளி விழுந்திருக்கிறது. வேறு டிசைனாக இருந்தால் குறை. இங்கே எறும்பு தூக்கிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படி ஒட்டிய படத்தை இரண்டு வெப்பத்தில் சுடலாம். 750 முதல் 850 டிகிரிக்குள் சுட்டால் சாயம் கிளேஸுக்கு மேலேயே ஒட்டி நிற்கும். 1,200 டிகிரிப் பக்கம் கொண்டுபோனால் கிளேஸ் இளகி, சாயம் உள்ளே அமிழ்ந்து, மேலே கண்ணாடி மூடிக்கொள்ளும். இரண்டாவது வகைதான் தேய்ப்புக்கும் புளிக்கும் எளிதில் அசையாதது. ஆனால் அந்த வெப்பத்தைத் தாங்கும் சாயங்கள் குறைவு. கோபால்ட் நீலம் தாங்கும். உலகம் முழுக்கப் பீங்கான் நீலமாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பளிச்சென்ற சிவப்பும் ஆரஞ்சும் தங்கமும் பொதுவாகக் கீழ் வெப்ப ஆட்கள். இந்த செட்டில் நீலப் படங்கள் உள்ளே அமிழ்ந்தவை. சேலம் வெண்பட்டு வேட்டிக் கரையைப் பார்த்து வரைந்து, ஜரிகையை அன்னப்பட்சி கொத்தித் தின்பதாகப் போட்ட அரக்குத் தட்டு மட்டும் மேலே ஒட்டியது.

கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். படமும் வெள்ளைப் பகுதியும் ஒரே மாதிரி பளபளத்தால் உள்ளே அமிழ்ந்தது. படம் மட்டும் மங்கியோ கூடுதலாக மினுக்கியோ தனியாகத் தெரிந்தால் மேலே நிற்கிறது. நகத்தை மெல்ல இழுத்தால் படத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படி தட்டுப்படும். அரக்குத் தட்டில் கண்ணை மூடிக்கொண்டே அன்னத்தின் கழுத்தை நகத்தால் தொடர முடிகிறது.

மேலே ஒட்டியதில் என்ன மோசம் என்றால், குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்காகச் சாயத்தோடு சேர்க்கும் கண்ணாடிப் பொடி இளகிய ரகம். புளி, எலுமிச்சை, தக்காளி ஒரு பக்கம் அரிக்கும், பாத்திரப் பவுடரின் காரம் இன்னொரு பக்கம் அரிக்கும். அந்தப் பொடியில் ஈயமும், சிவப்பு மஞ்சள் சாயத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்க வாய்ப்புண்டு. ஈயம் சேர்க்காத டெக்கால்கள் சந்தையில் இருக்கின்றன. எது போட்டார்கள் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. 6486 என்ற சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 22 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, கரைந்து வந்ததை அளப்பார்கள். தட்டையான பாத்திரத்துக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு (10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பு) ஈயம் 0.8 மில்லிகிராம், காட்மியம் 0.07 மில்லிகிராம் வரைதான் அனுமதி. இந்தக் கடையில் நீலத் தட்டுகளுக்கு அறிக்கை காட்டினார்கள். அரக்குத் தட்டைப் பற்றிக் கேட்டதும் பேச்சு டிஸ்கவுன்ட் பக்கம் திரும்பியது.

வீட்டில் வைத்துப் பார்க்க, படத்தின் பாதியில் மட்டும் வினிகர் நனைத்த பஞ்சை வைத்துக் காயாமல் மூடி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கியிருந்தால் அதில் சாப்பிடக் கூடாது. மங்கவில்லை என்பது ஈயம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. நீலத் தட்டில் வித்தியாசமே இல்லை. அரக்குக் கரை வெளுத்து, பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

‘போர்சலைன்’ என்று அட்டையில் போட்டால் போதுமா என்றால், போதாது. நிஜப் போர்சலைன் வெண்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கலந்து 1,300 டிகிரியை ஒட்டிச் சுட்டது, தண்ணீர் குடிக்காது. கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம். விரல் நுனியில் தாங்கி முட்டியால் தட்டினால் ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்க வேண்டும். ‘டொக்’ என்றால் மட்டமான உடல் அல்லது மறைந்த விரிசல். பின்பக்கம் விரலை வைத்து செல்போன் டார்ச்சை அடித்தால் முன்பக்கம் விரல் நிழலாடும். பிறகு கண்ணாடி மேசை மேல் வைத்து எதிரெதிர் விளிம்புகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் சூளையில் வளைந்தது, மாற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த தட்டை எடை போட்டு, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் துடைத்து மறுபடி எடை போடலாம். 620 கிராம் தட்டு 3 கிராமுக்கு மேல் ஏறினால் அரை சதவீதத்தைத் தாண்டிவிட்டது, போர்சலைன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பெரிய தட்டு 1 கிராம் ஏறியது. கிண்ணம் 4 கிராம். அதன் எடையோ 340தான். கிண்ணம் வேறு இடத்துச் சரக்கு என்பதில் சந்தேகமில்லை. மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீரோடு காலிக் கிண்ணத்தை ஒரு நிமிடம் வைத்தபோதும் அது கை பொறுக்காமல் சுட்டது. உடலுக்குள் ஈரம் இருந்தால் அப்படிச் சுடும்.

இந்த ஈரம்தான் பின்னால் மயிரிழை விரிசலாக வரும். நுண்துளை உள்ள உடல் ஈரத்தை உறிஞ்சி மெல்ல ஊதும், மேலே இருக்கும் கிளேஸ் ஊதாது, வலை மாதிரி வெடிக்கும். மழைக்காலம் முழுக்கத் துணியே காயாத ஏற்காட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சோதிக்கப் பீட்ரூட் சாறே போதும்: தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் விரிசல் இருக்கும் இடமெல்லாம் சிவப்புக் கோடு. தட்டுவடை செட்டு முடிந்தபின் கறை போகவில்லை என்றால் காரணம் இதுதான். அப்படிக் கோடு விழுந்த கிண்ணத்தில் தயிர், குழம்பு வேண்டாம்.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ‘போன் சைனா’ வேறு, போர்சலைன் வேறு. போன் சைனாவில் மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் கிட்டத்தட்ட பாதி. கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள், அடியில் உள்ள முத்திரையைப் படித்து வாங்குங்கள். இந்த செட்டில் எலும்புச் சாம்பல் இல்லை. இன்னொரு தவறான நம்பிக்கை, சேலத்து வெள்ளைக்கல்லில்தான் பீங்கான் செய்கிறார்கள் என்பது. சேலத்தை ஒட்டிய சாக் ஹில்ஸ் குன்றுகளில் வெட்டுவது மேக்னசைட் என்ற கனிமம். அது உலைகளுக்கு உட்பூச்சாகும் தீச்செங்கல்லுக்குப் போகிறது. பீங்கான் வேலை பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து ரயிலேறி விருத்தாசலம் போகலாம், செராமிக் தொழிற்பேட்டையும் அதற்கான தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கே இருக்கின்றன.

டபரா செட்டுக்கு வருவோம். எவர்சில்வர் டபராவை அச்சு அசலாகப் பீங்கானில் வார்த்து, ‘அன்பளிப்பு’ என்று பெயர் வெட்டியது போலவே நீலத்தில் எழுதி, டம்ளரின் நெளிசலைக்கூட விடாமல் வார்த்திருக்கிறார்கள். யோசித்தவரைப் பாராட்ட வேண்டும். காபி ஊற்றியதும் பாராட்டு ஆறிவிடுகிறது. டம்ளர் 240 கிராம். 28 டிகிரி அறையில் இருக்கும் அந்த டம்ளரில் 85 டிகிரிக் காபி 120 மி.லி. ஊற்றினால், டம்ளர் சூடாவதற்கே வெப்பம் செலவாகிக் காபி 68 டிகிரிக்கு இறங்கும். 80 கிராம் எவர்சில்வர் டம்ளரில் அதே காபி 81-ல் நிற்கும். ஏற்காட்டில் 15 டிகிரிக் காலையில் என்றால் பீங்கானில் 64. காற்றில் ஆறுவது தனிக் கணக்கு. ஆகவே முதலில் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுக் காபி ஊற்ற வேண்டும். தோட்டத்துக் கொட்டையை அரைத்து இறக்கிய டிகாக்ஷனுக்கு இந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி.

ஆற்றுவதும் கஷ்டம். எவர்சில்வர் விளிம்பு மெல்லிசு, காபி கயிறாக விழும். பீங்கான் விளிம்பு 4 மி.மீ. உருண்டை, பால் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளிச்சுவரில் வழியும். ஆற்றும் வேகத்தில் டம்ளரும் டபராவும் ஒருமுறை ‘ணங்’ என்று மோதினால் விளிம்பில் அரிசி அளவு சில்லு தெறிக்கும். தெறித்த இடம் பிளேடு மாதிரி இருக்கும், அது உதட்டைத் தொடும் இடம்.

கழுவும்போது கம்பி நார் கூடாது, ஸ்பாஞ்சும் சோப்புத் திரவமும் போதும். எவர்சில்வரோடு ஒரே தொட்டியில் போட வேண்டாம், உடைவது பெரும்பாலும் அங்கேதான். வேலைக்கு வரும் அக்காவிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கரண்டி பட்ட சாம்பல் கோடுகள் கீறல் அல்ல, கரண்டியின் உலோகம் கிளேஸில் ஒட்டியது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும். போர் தண்ணீர் வீடுகளில் வெள்ளைப் படலம் படியும், எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவலாம். இது நீலத் தட்டுக்கு மட்டும். அரக்குத் தட்டில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. தங்கக் கோடு இருப்பதால் அது மைக்ரோவேவுக்கும் ஆகாது, பொறி பறக்கும்.

அடுக்கி வைப்பதில்தான் பலர் படத்தைக் கெடுக்கிறார்கள். தட்டின் அடி வளையத்தில் கிளேஸ் இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். மேல் தட்டின் வளையம் கீழ்த் தட்டின் படத்தை வட்டமாக அறுக்கும். வாங்கியவுடன் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து வளையத்தை நாலு சுற்றுத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஈரமாகவே தேய்க்க வேண்டும், அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. தட்டுகளுக்கு நடுவே பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. ஆறுக்கு மேல் அடுக்க வேண்டாம்.

ஏற்காட்டில் கொடுக்க வாங்குபவர்கள் கடைக்காரர் கட்டித் தரும் பெட்டியை நம்பி 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டாம். அவர் தட்டுகளைப் படுக்கப் போட்டுக் கட்டுகிறார். அவிழ்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, கேசட் அடுக்குவது போல நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். பீங்கான் விளிம்பின் மேல் நிற்கும்போது அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். படுத்திருந்தால் மேலே உள்ளவற்றின் எடை முழுக்க அடித்தட்டின் நடுவில் விழும். அடியிலும் மேலேயும் இரண்டு விரற்கடை கசக்கிய காகிதம். மூடியபின் பெட்டியைக் குலுக்கிக் காது கொடுத்தால் சத்தமே வரக் கூடாது.

உடைந்ததற்கு ஈடாக உதிரி வாங்குவோர் பழைய தட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். சூளைக்குச் சூளை நீலம் மாறுகிறது. புதிதாக வந்த லாட்டில் டவுன் பஸ் கொஞ்சம் ஊதாவாக இருக்கிறது, மூஞ்சூறுக்கு மீசையும் இல்லை.